சுவருக்குப் பின்னால் ஏழு வசனம்

நாடகம் பார்க்க வருகிறவர்களுக்கு என்னைத் தெரியாது. தெரிந்துவிட்டால் நான் வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை என்று அர்த்தம். மேடையின் இடது ஓரத்தில், திரை மடிப்புக்குள் ஒரு முக்காலி போட்டு, மடியில் பிரதியும் கையில் பென்சில் டார்ச்சுமாக முப்பத்தொரு வருடம் ஓட்டியிருக்கிறேன். நடிகருக்கு வசனம் மறந்தால் அடுத்த வரியின் முதல் இரண்டு சொல்லை எடுத்துக் கொடுப்பது என் வேலை. பிராம்ப்டர் என்பார்கள். வசனம் வராத நேரத்தில் என்னைத் தெய்வத்தைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள், வந்ததும் மறந்துவிடுவார்கள்.

இந்த வேலையில் சட்டம் ஒன்றே ஒன்றுதான். ஒருவர் சும்மா நிற்கிறார் என்பதற்காக வாயைத் திறக்கக் கூடாது. மறந்து நிற்கிறாரா, நடித்து நிற்கிறாரா என்று பார்க்க வேண்டும். அவர் கண் என் பக்கம் வந்த பிறகுதான் நான் பேசலாம். நல்ல நடிகரின் மௌனத்துக்குள் போய் முணுமுணுத்தால் அடுத்த நாள் நாற்காலி பறந்து வரும். எனக்கு ஒரு தடவை வந்திருக்கிறது.

எங்கள் குழுவின் கதாநாயகனை எல்லோரும் கணீர் என்று கூப்பிடுவோம். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. மைக் இல்லாமலே அவர் குரல் கடைசி வரிசைக்குப் போகும். தியேட்டருக்குப் பக்கத்தில் வாட்ச் ரிப்பேர் செய்பவர், காட்சி நேரத்தில் தன் ரேடியோவை அணைத்துவிடுவார், போட்டி போட முடியவில்லை என்று. கணீரின் மனைவிதான் கதாநாயகி. பதினாறு வருடத்துக்கு முன்னால் டிக்கெட் கவுண்டரில் வேலைக்குச் சேர்ந்தவள், உள்ளேயிருந்து வந்த அந்தக் குரலைக் கேட்டே மயங்கினாள் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரிந்த கதை. "மூஞ்சியப் பாக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டேன்" என்பாள். "நல்லவேளை, பாத்திருந்தா ஓடியிருப்பா" என்று கணீர் முடித்து வைப்பார். நானூறு தடவையாவது கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரும் புதிதாகக் கேட்பதுபோல் சிரிப்பார்கள்.

இங்கே அவள் என்று எழுதுகிறேனே தவிர, எதிரில் 'நீங்க'தான். அவள் என்னை அண்ணே என்பாள். அந்தச் சொல் எனக்கு அவ்வளவாக இனிக்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் மறைத்தேன் என்பீர்கள்.

அந்த வருடம் நாங்கள் எடுத்தது மிகப் பழைய சோக நாடகம் ஒன்று. போரிலிருந்து திரும்பும் ராஜாவின் காதில் மைத்துனன் ஒருவன் ஓதுகிறான், ராணி அந்தப்புரத்தில் யாரையோ ஒளித்து வைத்திருக்கிறாள் என்று. ஒளித்து வைத்திருப்பது உண்மைதான். ஆனால் அது ராஜா நாடு கடத்திய அவன் சொந்தத் தம்பி. யாரிடமும் சொல்வதில்லை என்று அவள் வாக்குக் கொடுத்திருக்கிறாள். ராஜா கேட்கிறான், அவள் வாய் திறக்கவில்லை. நாலாவது அங்கத்தில் அவளை ஓர் அறைக்குள் நிற்க வைத்து, தன் கையாலேயே செங்கல் அடுக்கி மூடுகிறான். ஐந்தாவது அங்கத்தில் உண்மை தெரிந்து சுவரை இடிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். கைக்குட்டை கொண்டு வராதவர்கள் அப்போது சட்டைக் கையைத் தேடுவார்கள்.

எங்கள் செங்கல்கள் எல்லாம் சாயம் அடித்த மரப்பெட்டிகள், மொத்தம் நாற்பத்திரண்டு. நடுநடுவில் ராஜா அடுக்குவதை நிறுத்திக் கேள்வி கேட்பான், உள்ளேயிருந்து ராணி ஏழு வசனம் பேசுவாள். கடைசிப் பெட்டி அவள் முகத்துக்கு நேரே வரும்.

ஒத்திகையின் மூன்றாவது வாரம். மதிய வேளை. அவள் ஒரு வரியில் நின்றாள். கண் என் பக்கம் வந்தது. எடுத்துக் கொடுத்தேன். பேசவில்லை. இன்னொரு தடவை கொடுத்தேன். அப்போதுதான் கவனித்தேன், அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை, உதட்டைப் பார்த்தாள். டார்ச்சை என் வாய்க்கு நேராகப் பிடித்து, சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தேன். உடனே வரி வந்தது.

ஒத்திகை முடிந்ததும் ஒப்பனை அறைக்குப் போகும் வழியில் என்னை நிறுத்தினாள்.

"அண்ணே, கண்டுபிடிச்சிட்டீங்க."

"எவ்வளவு நாளா?"

"இடது காது போயி ரெண்டு வருஷம் ஆச்சு. வலதும் போய்க்கிட்டே இருக்கு. டாக்டர்கிட்ட காட்டிட்டேன். மெஷின் வச்சுக்கச் சொல்றாரு."

"கணீர் அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியக் கூடாது." அவள் குரல் கொஞ்சம் கூடிப்போனது. அவளுக்கு அது தெரியவில்லை. "குரலக் கேட்டுத்தானே அவரைக் கட்டிக்கிட்டேன். இப்ப அது எனக்குக் கேக்கலன்னு எந்த வாயால சொல்றது? நானா எப்பவாவது சொல்லிக்கிறேன். நீங்க சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். இவ்வளவு பெரிய உலகத்தில் அவளைப் பற்றி எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று இருக்கிறது என்றால், சத்தியம் பண்ண எனக்கு என்ன கஷ்டம்?

அதற்குப் பிறகு அவர்கள் வீட்டுக்குப் போனபோது பல விஷயங்கள் கண்ணில் பட்டன. தியேட்டருக்குப் பின் தெருவில் மாடியில் இரண்டு அறை. சமையலறையில் அடுப்புக்கு மேலே சின்ன முகக்கண்ணாடி ஒன்று புதிதாகத் தொங்கியது, பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்க. குக்கர் விசில் அடிப்பதை அடுப்பு வைத்த கல்லில் விரல் வைத்து எண்ணினாள். காலிங் பெல்லைக் கழற்றிவிட்டு, கதவுக்கு அடியில் வெளிச்சம் மறைவதைப் பார்த்தே எழுந்து போனாள். கணீர் சாப்பிட்டுக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பாவம், ஒன்றும் தெரியாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது.

மேடையில் மற்ற அங்கங்களை உதட்டைப் பார்த்தே சமாளித்தாள். சுவர்க் காட்சியில்தான் வழியில்லை. அவளே டைரக்டரிடம் போய், "பெட்டிக்குப் பின்னால யாருக்குமே சரியாக் கேக்காது சார், பிராம்ப்டரை உள்ள உக்கார வைங்க" என்றாள். நியாயமாகப் பட்டது, ஒப்புக்கொண்டார். அப்படித்தான் நாலாவது அங்கத்தில் என் முக்காலி சுவருக்குப் பின்னால் போனது. இரண்டு பேர் நெருக்கி நிற்கிற இடம். ராஜாவின் வரி முடிந்ததும் அவள் மணிக்கட்டில் விரலால் ஓர் அழுத்து. அவள் தன் வசனத்தைச் சொல்வாள். ஏழு வசனம், ஏழு அழுத்து. ஒரு நாளும் பிசகவில்லை. உள்ளிருந்து வரும் ராணியின் குரலில் உயிர் இருக்கிறது என்று பத்திரிகைகளில் எழுதினார்கள்.

கணீரின் நடிப்புதான் அந்த சீசனில் கெட்டுப்போனது என்பது எங்கள் எல்லோருடைய முடிவு. முப்பது வருடம் ஹாலுக்கு முகம் காட்டியே பழகிய மனுஷன், ராணி மேடையில் இருந்தால் அவள் பக்கம் முழுதாகத் திரும்பிவிடுவார். பார்வையாளருக்கு முதுகுதான் கிடைக்கும். கோபத்தில் விலகிப் போக வேண்டிய இடத்தில் போகாமல் அவளுக்கு எதிரே வந்து நின்று கத்துவார்.

"ஹால் இந்தப் பக்கம் இருக்கு சார்" என்று டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"பொண்டாட்டிகிட்ட பேசறவன் ஹாலைப் பாத்தாய்யா பேசுவான்?" என்றார் கணீர்.

ராஜாவின் முதுகு பிரமாதமாக நடித்தது என்று ஒரு பத்திரிகையில் வந்தது. அதைப் படித்துவிட்டு ஒரு வாரம் நாங்கள் சிரித்தோம். நான் என் பிரதியில் அவர் திரும்பும் இடத்திலெல்லாம் முதுகு என்பதற்குப் பென்சிலால் 'மு' என்று போட்டு வைத்தேன். பதினாலு இடம். வயசாகிவிட்டது, இடம் மறக்கிறார் என்று டைரக்டரிடம் சொன்னேன்.

எல்லாம் பகல் காட்சிகள், மூன்று மணிக்குத் தொடங்கி ஆறுக்கு முடிவது. இருபது காட்சி தாண்டியதும், ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் நடுவில் நான் கையை எடுப்பதை விட்டுவிட்டேன். அவளும் இழுத்துக்கொள்ளவில்லை. இருட்டில், காது கேட்காமல், பெட்டிகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டு வரும்போது பிடித்துக்கொள்ள அவளுக்கு ஒரு கை வேண்டியிருந்தது. அவளுக்கு அவ்வளவுதான். எனக்கு அது அந்த நாளின் மொத்தக் கதை.

முப்பத்தாறாவது காட்சியில் கணீர் கடைசிப் பெட்டியைத் தூக்கினார். பிரதிக்கு வெளிச்சம் காட்டிய என் டார்ச் கொஞ்சம் சரிந்திருந்தது. ஓட்டை வழியே அவர் கண் கீழே இறங்கியது. என் உள்ளங்கைக்குள் அவள் கை இருந்தது, முழுதாக. அவர் பெட்டியை வைக்காமல் நின்றார். பத்து எண்ணும் அளவுக்கு நின்றார். ஹாலில் கைதட்டல் எழுந்தது. அந்த சீசனிலேயே அவருக்குக் கிடைத்த நல்ல கைதட்டல் அதுதான்.

காட்சி முடிந்ததும், தலையில் கிரீடத்தோடு நடைவழியில் வந்து என்னை மறித்தார்.

"உன் கை அங்க என்ன பண்ணுது?"

"வேலை பாக்குது."

"என்ன வேலை?"

சத்தியத்தைத் தள்ளி வைத்துவிட்டு ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். அண்ணிக்குக் காது கேக்கலண்ணே, அவ்வளவுதான். வாயில் வந்தது. ஆனால் அந்த நிமிஷம் எனக்குள் ஏறிய சந்தோஷத்தை என்னவென்று சொல்ல? முப்பத்தொரு வருடத்தில் என்னை யாரும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. இப்போது கதாநாயகன் கிரீடத்தோடு வந்து என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார்.

"அவங்ககிட்டயே கேளுங்க" என்றேன்.

ஒப்பனை அறைக் கதவு திறந்திருந்தது. அவள் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஈரத் துண்டில் முகம் புதைத்துச் சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் நிலைப்படியில் நின்று அவளைக் கூப்பிட்டார். அந்தக் குரல் இல்லை, சின்னக் குரல். மூன்று தடவை. அவள் துண்டை எடுக்கவில்லை. என்னிடம் சட்டம் ஒன்று இருப்பதாகச் சொன்னேன் அல்லவா, கண் என் பக்கம் வந்தால்தான் பேசலாம் என்று. வெகு நாள் அதைத்தான் எனக்கே சமாதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். நான் பேசாமல் நின்றது எனக்குப் பிடித்திருந்ததால்.

அவர் கிரீடத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுப் போனார். அவள் வீட்டுக்குப் போனபோது அவர் துணிப்பெட்டியோடு தன் தம்பி வீட்டுக்குப் போயிருந்தார்.

இன்னும் பத்து காட்சி பாக்கி. எங்கள் தொழிலில் வீடு இடிந்தாலும் மூன்று மணிக்கு மணி அடித்துவிடும். இரண்டு பேரும் வந்தார்கள், நடித்தார்கள். மேடைக்கு வெளியே ஒரு வார்த்தை இல்லை. நாலாவது அங்கத்தில் அவர் பெட்டியை அடுக்கினார். ஓட்டை வழியாகப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். நான் மறுபடி ஒரே விரலால் அழுத்த ஆரம்பித்தேன்.

நாலாம் நாள் அவளே என்னிடம் சொன்னாள். "அவருக்குத் தெரிஞ்சுபோச்சுண்ணே."

"என்ன?"

"காதுதான், வேற என்ன? செவிட்டுப் பொண்டாட்டியோட எப்படிக் காலம் தள்றதுன்னு கிளம்பிட்டாரு. நியாயம்தான். நான் மறைச்சேன்ல."

அவர் எதையோ நினைத்துப் போனார், இவள் எதையோ நினைத்து அழுகிறாள், நடுவில் நான் ஒருவன் இரண்டையும் தெரிந்துகொண்டு டார்ச் பிடித்துக்கொண்டிருக்கிறேன். போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். செய்து ஆறு நாள் தள்ளிப்போட்டேன்.

கடைசிக் காட்சி நாளன்று மதியம், கணீர் ஒட்டுத் தாடியைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரே போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். அவளுக்குக் காது கேட்காதது, சத்தியம், மணிக்கட்டு, ஏழு வசனம். சொல்லி முடித்ததும் அவர் என் காலில் விழுவார் என்றுகூட ஒரு நினைப்பு எனக்கு.

அவர் தாடியில் பசை தடவினார்.

"காது கேக்காதுன்னு எனக்கு ஒரு வருஷமாத் தெரியும்யா."

நான் வாயைப் பிளந்தேன்.

"பதினாறு வருஷமா ஒரே வீட்டுல இருக்கறவனுக்குத் தெரியாதா? அடுப்புக்கு மேல கண்ணாடி எதுக்குன்னு தெரியாதா? அவ என் வாயப் பாக்கணும்னுதானே மேடையில அவ பக்கமே திரும்பி நின்னேன். ஊரே சிரிச்சுது. நீயும்தான் சிரிச்ச."

பிரதியில் நான் போட்ட பதினாலு 'மு'வும் வரிசையாகக் கண்முன் வந்தன. ஒவ்வோர் இடத்திலும் அவள் மேடையில் இருந்தாள்.

"அப்ப ஏண்ணே போனீங்க?"

"அவளா சொல்லுவான்னு இருந்தேன். எனக்குத் தெரியக் கூடாதுன்னு அவ நினைச்சதைத் தாங்கிக்கிட்டேன். உனக்குத் தெரியணும்னு நினைச்சிருக்கா பாரு, அதைத் தாங்க முடியல. கையையும் உங்கிட்ட குடுத்துட்டு நிக்கறா." தாடியை ஒட்டிக் கண்ணாடியில் பார்த்தார். "பத்து நாளா தம்பி வீட்டுல தூக்கமே இல்ல. அவ இல்லாம என்னால முடியாதுய்யா. காட்சி முடிஞ்சதும் வெளிய டிக்கெட் கவுண்டர் பெஞ்சில உக்காந்திருப்பேன்னு சொல்லு. வரச் சொல்லு. நீ கெடுத்ததை நீயே சரி பண்ணு."

காட்சி முடிந்ததும் ஒப்பனை அறைக்குப் போனேன். விளக்குக்கு நேராக நின்று, உதடு நன்றாகத் தெரியும்படி, நிதானமாகச் சொன்னேன். அவருக்கு ஒரு வருடமாகத் தெரியும், உங்களுக்காகத்தான் திரும்பி நின்றார், வெளியே காத்திருக்கிறார். அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். துண்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதை எனக்குச் சொல்லக் கிடைத்திருக்காது.

"இன்னொண்ணும் இருக்கு" என்றேன். "அன்னைக்கு அவர் கிளம்பறதுக்கு முன்னாடி இந்த வாசல்ல நின்னு உங்களை மூணு தடவை கூப்பிட்டாரு. நீங்க துண்டுல முகத்தை மூடிக்கிட்டு இருந்தீங்க."

அவள் என் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பின்னால நின்னா?"

"ஆமா."

"எனக்குக் கேக்காதுன்னு தெரிஞ்சா?"

"ஆமா."

சொன்னது அத்தனையும் உண்மை. அந்த மைத்துனன் ராஜாவின் காதில் ஓதினானே, அவனும் ஒளித்து வைத்த ஆளைப் பற்றிப் பொய் சொல்லவில்லை. அவள் சந்தோஷமாக எழுந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை, சொன்னேன். வேறு காரணம் கிடையாது.

"நீங்களும் அங்கதான் நின்னீங்களா அண்ணே?" என்றாள். தலையாட்டினேன். என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வெளியே போனாள்.

வெயில் இன்னும் இருந்தது. கூட்டம் கலைந்திருந்தது. கணீர் பெஞ்சிலிருந்து எழுந்து, அவள் பார்க்கும்படி வெளிச்சத்துக்கு முகத்தைக் கொடுத்து நின்றார். நான் கவுண்டர் கதவருகே நின்றேன். என் காது நல்ல காது.

"ஒரு வருஷமாத் தெரியுமாமே" என்றாள்.

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்மா."

"விசிலை விரலால எண்ணினேன், பெல்லைக் கழட்டினேன், நீங்க சிரிச்சா நானும் சிரிச்சேன். வீட்டுல ஒரு நாள் விடாம நடிச்சேன். நீங்க டிக்கெட் வாங்காம உக்காந்து பாத்திருக்கீங்க."

"பாவம்னு பாக்கல. பிரியமாத்தான் பாத்தேன்."

"அது எனக்குப் புரியுது. அதைக்கூட மன்னிச்சிருவேன்." அவள் குரல் மறுபடி உயர்ந்து, வாட்ச் ரிப்பேர்காரர் எட்டிப் பார்த்தார். "கேக்காதுன்னு தெரிஞ்சே பின்னால நின்னு கூப்பிட்டீங்க. தோளைத் தொட்டிருந்தா திரும்பியிருப்பேன். திரும்பக் கூடாதுன்னுதானே தொடல?"

அவர் கண் என் பக்கம் வந்தது. எடுத்துக் கொடுக்க என்னிடம் எந்த வரியும் இல்லை.

"ஆமா" என்றார். "அன்னைக்கு ஆமா. ஆனா ஒண்ணு கேளு..."

அவர் பேசத் தொடங்கினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அழுவதற்காக மூடவில்லை. நேராக நின்று, இறுக்கி மூடிக்கொண்டாள். அவருக்கு முதலில் புரியவில்லை, பேசிக்கொண்டே போனார். புரிந்ததும் நிறுத்தவில்லை. குரலை உயர்த்தினார், கடைசி வரிசைக்குப் போகிற அந்தக் குரலில், தெருவே நின்று கேட்கும்படி பேசினார். ஒரு கட்டத்தில் அவள் தோளை நோக்கிக் கை நீட்டி, பாதியில் இறக்கிக்கொண்டார். அவள் அப்படியே திரும்பிக் கண்ணைத் திறந்து தெருவில் இறங்கி நடந்தாள். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவளுக்குப் போய்ச் சேரவில்லை. எனக்கு எல்லாமே கேட்டது.